பூனைகள் துரத்திய இடது சக்கரம்

என் இடது முழங்கால் எனக்கு இரண்டு வருடம் முன்னதாகவே ஓய்வு பெற்றுவிட்டது. காருக்கு அடியில் படுக்கச் சம்மதிக்கும், எழுந்திருக்கச் சம்மதிக்காது. அதனால் ஐம்பத்திரண்டு வயதில் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். கை மட்டும் அடங்கவில்லை. வீட்டுக் குழாயைத் திருகும், ஜன்னல் கொக்கியைத் திருகும், திருக ஒன்றும் கிடைக்காத நாளில் பேனா மூடியைத் திருகும். அப்படித் திறந்த பேனா இது.

போன வாரம் பொன்னேரி சாலையில் புதிதாக ஷெட் போட்டிருக்கும் இரண்டு மெக்கானிக்குகள் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணே, இப்போ பிரேக் பேட் தேஞ்சா வண்டியில லைட்டே எரியுது. அப்போல்லாம் இன்னாண்ணே பண்ணுவீங்க?"

"வாயால கண்டுபிடிப்போம்" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது உண்மை.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைக்கு எதிரே ஒரு கீற்றுக் கொட்டகை. அதுதான் காதர் பாய் ஷெட். கல்லறை வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். வெளியூர்க்காரர்கள் அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அவை பிரேக் சோதிக்கும் கருவி. நாற்பது வேகத்தில் வந்து, விளக்குக் கம்பத்துக்கு நேராக பிரேக்கை மிதிக்க வேண்டும். முதல் எலும்புக்கூட்டை எட்டுவதற்குள் நின்றால் வண்டி வீட்டுக்குப் போகலாம். இரண்டாவதைத் தாண்டினால் திரும்ப ஷெட்டுக்குள். "தாண்டுற வண்டியில போறவன் சீக்கிரமே அவங்க வீட்டுக்கு விருந்தாளியாப் போயிடுவான்" என்பார் பாய், கல்லறைப் பக்கம் மோவாயை நீட்டி.

அந்த ஷெட்டில் முதல் மூன்று வருடம் சக்கரம் கழற்றினேன், மாட்டினேன். அதற்கு மேல் அந்த மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நாலாவது வருடம் பாய் என்னை பிரேக் பக்கம் விட்டார். அப்போதுதான் அந்த நோட்டு என் கைக்கு வந்தது.

நீல அட்டை போட்ட நீள நோட்டு. தேதி, வண்டிக்காரர் பெயர், சத்தம், என்று மூன்று கட்டம். சத்தம் என்ற கட்டத்தில் மெக்கானிக் எழுதக்கூடாது என்பது பாயின் சட்டம். வண்டிக்காரர் தன் வாயால் அந்தச் சத்தத்தைப் போட்டுக்காட்ட வேண்டும், அல்லது எது மாதிரி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதை அப்படியே எழுத வேண்டும். பெரிய மனிதர்கள் கூச்சப்படுவார்கள். பாய் விடமாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குழந்தைக்குச் சோறூட்டும் பொறுமையோடு கேட்பார்.

"வெக்கப்படாதீங்க. வண்டி நடுரோட்டுல வெக்கம் இல்லாம கத்துது, நீங்க ஷெட்டுக்குள்ள கத்தறதுக்கு இன்னா?"

கத்துவார்கள். கத்தியதில் பாதி வேலை முடிந்துவிடும். ஏரிக்கரை ஆட்கள் சொல்லும் உவமைகள் ஸ்பேனரைவிட நன்றாகப் பிடித்துத் திருகும். கொக்கு கத்துற மாதிரி என்றால் பேட் இறுகிப் பளபளத்துவிட்டது. ஈரத்துல மட்டும் நண்டு கீறுற மாதிரி என்றால் ஒரு ராத்திரித் துரு. நாலு தடவை மிதித்தால் போய்விடும். கட்டுமரத்தை மணல்ல இழுக்குற மாதிரி என்று யாராவது சொன்னால் பாய் உடனே கண்ணாடியை இறக்கிக்கொள்வார். பேட் முழுக்கத் தேய்ந்து, அதன் முதுகில் இருக்கும் இரும்பு, சக்கரத்தோடு சுற்றும் தட்டை நேராகக் கடிக்கிறது என்று அர்த்தம்.

சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். பிரேக்கைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் சத்தம் என்றார். எது மாதிரி? "யாரோ கிளிஞ்சலை மென்னுக்கிட்டே கூட வர்ற மாதிரி." நான் ஜாக்கியைத் தூக்கப் போனேன். பாய் தடுத்தார். கம்பியின் நுனியை வளைத்து, தட்டுக்கும் அதன் பின்னால் இருக்கும் தகரத்துக்கும் இடையே விட்டுத் துழாவினார். விழுந்தது நிஜமாகவே ஒரு கிளிஞ்சல். சுண்ணாம்புச் சூளைக்குக் கிளிஞ்சல் ஏற்றிப்போகும் பாதையில் தெறித்து உள்ளே போயிருக்கிறது. பாய் அதை ஊதித் துடைத்து டீச்சரின் உள்ளங்கையில் வைத்தார். "உங்களுக்குக் காது ரொம்ப நல்லாக் கேக்குது டீச்சர். வண்டி அதுக்கு இன்னா தெரியுமோ அத்தத்தான் சொல்லிச்சு."

அன்றிலிருந்து உவமைகள் மேல் எனக்குப் பைத்தியம். இந்த வயதில் நாலு பேர் என் எழுத்தைப் படிக்கிறார்கள் என்றால், என் பள்ளிக்கூடம் அந்த மூன்றாவது கட்டம்தான்.

பாயிடம் இன்னொரு சட்டமும் உண்டு. அது நோட்டில் இல்லை. "தப்பு பண்ணவன் ஷெட்டுல இருக்கலாம். மறைச்சவன் ஸ்பேனரைக் கழுவி வச்சிட்டுப் போயிக்கினே இருக்கலாம்." எனக்கு முன் பிரேக் வேலை பார்த்தவர் அப்படிக் கழுவி வைத்துவிட்டுப் போனவர். அந்த ஸ்பேனரைத்தான் நான் பிடித்திருந்தேன்.

தேசப்பன் பசியாவரத்துக்காரன். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினான். பசியாவரம் தீவு, கார் அங்கே போகாது. அதனால் படகுத்துறை ஓரமாக, கரையேற்றிய படகுகளோடு படகாக அதுவும் நிற்கும். உப்புக்காற்று படகு எது, கார் எது என்று பார்த்தா வீசும்?

மாசி மாதம் ஒரு மத்தியானம் தேசப்பன் வந்தான். சத்தம்: "கட்டுமரத்தை மணல்ல இழுக்குற மாதிரி, கர்ர்ர்னு." நானே எழுதினேன். இடது முன்சக்கரத்தைக் கழற்றினேன். ஒவ்வொரு சக்கரத்திலும் தட்டை உள்ளிருந்து ஒரு பேட், வெளியிலிருந்து ஒரு பேட், சாமணம் பிடிப்பதுபோல் பிடிக்கும். உள்பக்கப் பேட் சுத்தமாகத் தேய்ந்து இரும்பு தெரிந்தது. வெளிப்பக்கப் பேட் பாதிகூடத் தேயவில்லை.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அன்று நான் நிற்கவில்லை. ஒன்று தேய்ந்து மற்றது தேயாமல் இருந்தால், பேட்களைத் தாங்கும் அந்தச் சாமணம் நகரவில்லை என்று பொருள். அது முன்னும் பின்னும் வழுக்குவதற்கு இரண்டு இரும்புப் பின்கள் உண்டு, விரல் நீளத்துக்கு. உப்பு ஏறி அவை இறுகிவிட்டால் ஒரு பேட் மட்டும் எல்லாப் பாரத்தையும் சுமந்து சாகும். ஆகவே பின்களை உருவி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி, விரலால் தள்ளினால் வழுக்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். தெரியாதா எனக்கு? தெரியும். ஆனால் பொன்னேரியில் மாலைக் காட்சி இருந்தது. புதுப் படம். நாலரை பஸ்ஸை விட்டால் பாட்டும் போச்சு, சண்டையும் போச்சு. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். புதுப் பேட்களைச் சொருகினேன், மூடினேன், ஓட்டிப் பார்த்தேன். வண்டி முதல் எலும்புக்கூட்டுக்கு முன்னாலேயே நின்றது. புதுப் பேட் அல்லவா, நிற்கும். பஸ்ஸுக்கு ஓடினேன்.

படம் சுமார்.

மூன்று மாதம் கழித்து, மீன்பிடித் தடைக்காலம். ஊர் முழுக்கப் படகுகள் கரையில் குப்புறக் கிடந்தன. ஒரு காலை தேசப்பனின் கார் வந்தது, அதன் பின்னால் ஐந்து பூனைகள் வந்தன.

நான் சொல்வதை மிகை என்று நினைக்க வேண்டாம். ஐந்து பூனைகள். மீன் ஏலக் கொட்டகையிலிருந்து வாலைத் தூக்கிக்கொண்டு, கல்யாண ஊர்வலம்போல. வண்டி நின்றதும் ஐந்தும் இடது முன்சக்கரத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. ஒன்று எழுந்து நட்டை நக்கியது.

பாய் நோட்டைத் திறந்தார். "சொல்லுப்பா, இன்னா சத்தம்?"

"சத்தமே இல்ல பாய்" என்றான் தேசப்பன். முகம் வெளுத்திருந்தது. "போன வாரம் வரைக்கும் கர்ர்ர்னு இஸ்துச்சு. நாலு நாளா ஒண்ணியும் இல்ல. ஆனா மிதிச்சா நிக்க மாட்டேங்குது. நேத்து ஏலக் கொட்டகையில ஏரி நண்டுக் கூடைமேலயே ஏத்தியிருப்பேன். நாளைக்குக் காலையில தங்கச்சி கல்யாணம், பொன்னேரில. பொண்ணு இந்த வண்டிலதான் போணும்."

பாய் சத்தம் என்ற கட்டத்தை வெறுமையாகவே விட்டார். நோட்டில் நான் பார்த்த முதல் வெற்றுக் கட்டம். "கத்துற வண்டிக்கு வைத்தியம் பாத்துடலாம். கத்திக்கினு இருந்துட்டு வாயை மூடிச்சே, அதான் பேஜாரு" என்று சொல்லிவிட்டு, தானே ஓட்டிப் பார்த்தார். நாங்கள் ரோட்டோரம் நின்றோம். கம்பத்துக்கு நேராக மிதித்தார். வண்டி முதல் எலும்புக்கூட்டைத் தாண்டியது. வலது பக்கம் வளைந்தது. எலும்புக்கூட்டிடம் வழி கேட்கப் போவதுபோல் மதிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது, இரண்டாவதையும் தாண்டி. பூனைகள் பின்னாலேயே ஓடின.

வலது பக்கம் இழுத்தால் இடது பிரேக் பிடிக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றினேன். தட்டும் பேட்டும் பழுப்பாக மினுங்கின. சூட்டோடு வந்த வாசனை மூக்கில் ஏறியது. வறுத்த நெத்திலி.

"மீனெண்ணெய்" என்றார் பாய், தொட்ட விரலை முகர்ந்து.

அந்த நேரம் பார்த்துப் படகுத்துறையிலிருந்து தேசப்பனின் அப்பா நடந்து வந்தார். ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். தடைக்காலத்தில் படகுகளுக்கு எண்ணெய் பூசிப் பூசி முழங்கைவரை பளபளத்தார். பூனைகள் சக்கரத்தை விட்டுவிட்டு அவர் காலைச் சுற்றின.

"நான்தான் பூசனேன்" என்றார் பெருமையாக. "படகுக்குப் பூசிக்கினு இருந்தேன். பக்கத்துல இது கத்திக்கினு போவுது வருது. பாவமாக் கீது. குச்சில துணியைச் சுத்தி, சக்கரத்து ஓட்டை வழியா அந்தத் தட்டுக்கும் ஒரு பூச்சு. அப்பவே வாயை மூடிச்சு பாரு!"

ஐம்பது வருடம் படகோடு வாழ்ந்தவர். கிறீச்சிடும் எதற்கும் எண்ணெய்தான் மருந்து. வழுக்கிப் போவதுதான் படகுக்கு அழகு. வழுக்காமல் நிற்பதற்கென்றே ஒரு உறுப்பை எவனாவது செய்து வைப்பான் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

தேசப்பனுக்குத் தோன்றவில்லையே என்றுதான் கோபம். "யோவ் நைனா! பிரேக்குக்கு எண்ணெ போடுவாங்களா? பொண்ணை ஏத்திக்கினு பாலத்துல இருந்து ஏரிக்குள்ள இறங்கியிருப்பேன்யா! இதுதான் கல்யாணச் சீரா?"

"கத்துச்சேடா..."

"கத்துனா கத்திட்டுப் போவுது! நாளைக்கு நீ இந்த வண்டில ஏறவே கூடாது. பஸ்ல வா. கைய கால கழுவிக்கினு பஸ்ல வா!"

நைனா எண்ணெய்க் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மகள் கல்யாணத்துக்கு முன்சீட்டில் உட்கார்ந்து போவதற்காகவே ஒரு புது வேட்டி வாங்கி வைத்திருக்கிறார் என்று அந்தக் கார் வந்த நாளிலிருந்து ஊருக்கே தெரியும். பாய் குறுக்கே வந்தார். இரண்டு பக்கத்துக்கும் புதுத் தட்டு, புதுப் பேட் வேண்டும். எண்ணெய் குடித்த பேட்டைக் கழுவினாலும் நம்பக்கூடாது. அவற்றை வாங்கிவரத் தேசப்பன் பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

நான் வேலையைத் தொடங்கினேன். உள்ளுக்குள் லேசாக விசிலடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குற்றவாளி கிடைத்துவிட்டார், கையும் எண்ணெயுமாக. சாமணத்தைக் கழற்றி, பிரேக் ஆயில் குழாயில் பாரம் விழாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். பேட்களை உருவினேன். உள்பக்கம் இரும்புவரை தேய்ந்திருந்தது. வெளிப்பக்கம் பாதி.

விசில் நின்றது.

மேல்பின்னைத் திருகினேன். அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, ஊறவைத்து, தட்டித் தட்டித் திருகினேன். சுண்ணாம்பு பூத்த சுவர்போல் வெள்ளையும் பழுப்புமாகத் துரு பூத்த பின் ஒன்று, பல்லைப் பிடுங்குவதுபோல் வெளியே வந்தது. அன்று இதை உருவியிருந்தால் பேட் தேய்ந்திருக்காது. தேயாவிட்டால் வண்டி கத்தியிருக்காது. கத்தாவிட்டால் நைனா குச்சியில் துணி சுற்றியிருக்க மாட்டார்.

பக்கத்தில் குந்தியிருந்த நைனா பின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரல் காற்று இறங்கிய டயர்போல் இருந்தது.

"ஏம்பா, அத்தயும் என் எண்ணெதான் இறுக்கிடுச்சா?"

எண்ணெய் எங்காவது இறுக்குமா? ஐம்பது வருடம் எண்ணெயோடு வாழ்ந்த மனிதர், மகன் திட்டிய ஒரு திட்டில் எண்ணெயின் குணத்தையே மறந்துபோனார். நான் ஆமாம் என்று சொன்னால் நம்புவார். தலையை அசைத்தாலே போதும். பாய் கொட்டகையின் அந்தக் கோடியில் ஸ்டூலில் இருந்தார். பின்னைத் தேய்த்து, கிரீஸ் தடவி, மூடிவிட்டால் கடவுளுக்கும் பூனைகளுக்கும்கூடத் தெரியாது. நைனா பஸ்ஸில் போவார். என் ஸ்பேனர் என்னிடம் இருக்கும்.

ஒரு பூனை வந்து அவர் விரலை நக்கியது. அவர் கையை இழுத்துக்கொண்டு வேட்டியில் துடைத்தார், மறுபடி துடைத்தார், முகர்ந்து பார்த்தார், மறுபடி துடைத்தார்.

"இல்ல நைனா" என்றேன். "அது நான்."

எழுந்து போய் பின்னை பாயின் முன்னால் வைத்தேன். பாய் அதைப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்தார். தேசப்பன் பெயருக்கு நேரே வெறுமையாக விட்டிருந்த கட்டத்தில் பேனாவை வைத்தார்.

"இன்னா சத்தம்?"

"பாய்..."

"வாயால சொல்லு. எழுதணும்."

வண்டிக்காரர்கள் ஏன் அவ்வளவு கூச்சப்பட்டார்கள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. "மாசி மாசம் பின்னைக் கழட்டல, பாய். சினிமாக்குப் போயிட்டேன்."

ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினார். "சினிமாக்கு" என்பதற்குக்கூடக் குறைச்சல் வைக்கவில்லை. "படம் நல்லா இருந்துச்சா?"

"சுமார், பாய்."

"அப்போ தண்டனை கொடுத்தாச்சு" என்று நோட்டை மூடினார்.

தேசப்பன் திரும்பி வந்ததும் அவனிடமும் நானே சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டினான். இந்த முறை திட்டு சரியான விலாசத்துக்கு வந்தது. திட்டி முடித்து மூச்சு வாங்கியபோது பாய் சொன்னார்: "எண்ணெ பூசுனது நைனா தப்பு. பூச வச்சது எங்க ஷெட்டு தப்பு. வண்டி அழுதப்போ அது இன்னான்னு கேட்டவரு அவரு ஒருத்தருதான்பா. நீயே ஒரு வாரம் அந்தச் சத்தத்தோட ஓட்டிக்கினுதான இருந்த?"

தேசப்பன் வாங்கி வந்த தட்டுகளை என் முன்னால் வைத்தான். நைனாவின் பக்கம் பார்க்கவில்லை.

மத்தியானம் முழுக்க வேலை. நாலு பின்களும் விரல் பட்டால் வழுக்கும் வரை தேய்த்தேன். புதுத் தட்டுகளைப் பெட்ரோலில் துடைத்தேன். மூடியதும், வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும் வரை ஐந்தாறு முறை அழுத்தினேன். இதை மறந்தவன் முதல் மிதியில் சுவரைச் சந்திப்பான். புதுப் பேட் தட்டோடு பழக, ஊர் எல்லைவரை போய்ப் பத்து முறை மெதுவாக மிதித்து வந்தேன். பிறகு எலும்புக்கூடு சோதனை. பாய் நைனாவைக் கூப்பிட்டு முன்சீட்டில் உட்காரவைத்தார். கம்பத்துக்கு நேராக மிதித்தேன். நேராக, வளையாமல், முதல் எலும்புக்கூட்டுக்கு இரண்டடி முன்னால் நின்றது. நைனா கண்ணாடிவரை போய் வந்தார்.

"யப்பா! நங்கூரம் போட்ட மாதிரி கீதே!"

ஆனால் பாய்க்குத் திருப்தி இல்லை. வண்டியை ஏலக் கொட்டகை வாசலில், ஒரு டீ குடிக்கும் நேரம் நிறுத்தச் சொன்னார். ஐந்து பூனைகளும் வந்தன. இடது சக்கரத்தை முகர்ந்தன. ஒன்றையொன்று பார்த்தன. ஏமாற்றப்பட்ட முகத்தோடு நைனாவைத் தேடிப் போய்விட்டன.

"எண்ணெ போச்சு. இனிமே வண்டி போலாம்" என்றார் பாய். பிறகு என்னிடம் திரும்பினார். "நாளைக்கு நீ ஷெட்டுக்கு வராத."

என் கை, கழுவி வைக்க வேண்டிய ஸ்பேனரைத் தேடியது.

"கல்யாணத்துக்குப் போ. அந்த வண்டிலயே. போறப்பவும் வர்றப்பவும் இடது பக்கம் காதை வச்சுக்கினு வா. நாளான்னைக்கு வந்து நோட்டுல சொல்லு."

மறுநாள் விடிந்ததும் பெண்ணைப் படகில் பசியாவரத்திலிருந்து கொண்டுவந்தார்கள். பட்டுப்புடவை நனையாமல் காரில் ஏறிய மேகலா, பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "இந்த அண்ணன் எதுக்கு? சீர்வரிசையா?" என்றாள். தேசப்பன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். முன்கதவு திறந்தே இருந்தது. புது வேட்டியில் நைனா பஸ் நிறுத்தம் பக்கம் நடந்துகொண்டிருந்தார், பூனைகள் சூழ.

"நைனா!" தேசப்பன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். "இன்னா, பஸ்காரன் பொண்ணா கண்ணாலம் பண்ணிக்குது? ஏறு!"

ஏறினார். கார் முழுக்க மல்லிகையும் மீனெண்ணெயும் மணந்தன. எவ்வளவு சோப்பு போட்டாலும் மனிதர்களை எங்கள் தட்டுபோலப் பெட்ரோலில் துடைக்க முடியாது. வழி முழுக்க நான் இடது பக்கம் காதை வைத்திருந்தேன். நைனாவும் வைத்திருந்தார் என்று பொன்னேரி ரயில்வே கேட்டில்தான் தெரிந்தது. கேட் திடீரென்று இறங்கியது. தேசப்பன் மிதித்தான். வண்டி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நின்றது. நைனா என் பக்கம் திரும்பினார், கண்ணில் கலவரம்.

"ஏம்பா, சத்தமே காணமே?"

"இப்போ இருக்கக்கூடாது நைனா."

"தெரியுது. இருந்தாலும் பயமாக் கீது."

"எனக்கும்தான்."

கேட் திறந்தது. போனோம். வந்தோம்.

அந்த நோட்டில் தேசப்பனின் வண்டிக்கு மூன்று வரிகள் உண்டு. முதல் வரி கட்டுமரம், மணல். இரண்டாவது வரி சினிமா. மூன்றாவது வரிக்காக பாய் மறுநாள் காலை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "போயிட்டு வந்தியே, இன்னா சத்தம் கேட்டுச்சு?"

"மேளம், பாய்."

எழுதிக்கொண்டார்.